ஆறு பங்காளிகளுக்கு ஒரே கிணறு! - சண்டை வராமல் பிரிக்கும் கணக்கு

அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு?

"முக்கால்" என்று பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பாட்டிகூடச் சொல்லிவிடுவார். வெற்றிலையை மடித்தபடியே சொல்லுவார். யோசிக்கவே மாட்டார்.

சரி. 3-ல் 1 பங்கும் 4-ல் 1 பங்கும் சேர்ந்தால் எவ்வளவு?

இப்போது பாட்டி வெற்றிலையைக் கீழே வைத்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் பேரன் பென்சிலைத் தேடுவான். அவசரக்காரப் பேரனாக இருந்தால், மேலே உள்ள ஒன்றையும் ஒன்றையும் கூட்டி 2, கீழே உள்ள மூன்றையும் நான்கையும் கூட்டி 7, ஆக "7-ல் 2" என்று அடித்துச் சொல்லிவிடுவான்.

தப்பு! பெரிய தப்பு!

3-ல் 1 என்பது 21-ல் 7 பங்கு. 7-ல் 2 என்பது 21-ல் 6 பங்குதான். கையில் இருந்த பங்கோடு இன்னொரு பங்கைச் சேர்த்த பிறகு, இருந்ததும் குறைந்து போகுமா? பையில் பணம் போடப் போட பை இளைத்துப் போகும் கதையாக அல்லவா இருக்கிறது!

கடலைமிட்டாய்க் கணக்கு

கோவில்பட்டிக் கடலைமிட்டாயைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. கரிசல் சீமையின் பெயரைச் சொல்லும் பண்டம் அது. 2020-ம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேர்க்கடலையை வெல்லப்பாகில் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, சூடு ஆறும் முன்பே வில்லைகளாக வெட்டி விடுவார்கள்.

ஒரு பாளத்தை நீளவாட்டில் 3 வரிசையாகவும் குறுக்குவாட்டில் 4 வரிசையாகவும் வெட்டுங்கள். மொத்தம் 12 வில்லைகள் கிடைக்கும். பாளத்தில் 3-ல் 1 பங்கு என்றால் 4 வில்லைகள். 4-ல் 1 பங்கு என்றால் 3 வில்லைகள். இரண்டையும் சேர்த்தால் 7 வில்லைகள். 12-ல் 7 பங்கு. கணக்கு முடிந்தது!

இங்கே நடந்தது என்ன? மூன்றாக வெட்டிய துண்டு ஓர் அளவு. நான்காக வெட்டிய துண்டு வேறு அளவு. அளவு வேறு வேறாக இருக்கும்போது எண்ணிக் கூட்ட முடியாது. இரண்டுக்கும் பொதுவான ஒரு சின்னத் துண்டு வேண்டும். அந்தத் துண்டு கிடைத்துவிட்டால் குழந்தையும் எண்ணிவிடும்.

பின்னத்தில் கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்ணைப் 'பகுதி' என்றும், மேலே இருப்பதைத் 'தொகுதி' என்றும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். பகுதிகள் வேறு வேறாக இருந்தால், எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு பொதுப் பகுதியைத் தேட வேண்டும். அதிலும் மிகச் சிறியதைத் தேட வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் கருவிதான் 'மீச்சிறு பொது மடங்கு'. பிள்ளைகள் 'எல்.சி.எம்.' என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே பல பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும்!

பொதுவானது வேண்டும் என்பது புரிகிறது. அது ஏன் மிகச் சிறியதாக இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு வகுப்பறையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "அப்போதுதான் கணக்கு சுருக்கமாக வரும்" என்பது. அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியைக் கிணற்றடியில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீர் முறை

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகும் வழியில், சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கழுகுமலை. சுற்றிலும் கரிசல் காடு. உளுந்தும் பாசிப்பயறும் கம்பும் சோளமும் பருத்தியும் விளைகிற மானாவாரி பூமி. புரட்டாசி, ஐப்பசியில் வானத்தைப் பார்த்து விதைக்கிறவர்கள் இந்தச் சீமைக்காரர்கள். மழை பெய்தால் விளைச்சல். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டைப் பார்க்க வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட பூமியில் ஒரு கிணறு என்பது சாதாரணச் சொத்தா? அதனால்தான் தகப்பனார் காலத்துக் கிணற்றை யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. நிலத்தைத் துண்டு போடலாம். கிணற்றைத் துண்டு போட முடியுமா? தண்ணீரைத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஏற்பட்டதுதான் 'முறை'. இன்று உனக்கு, நாளை எனக்கு என்று இறைத்துக்கொள்வார்கள். "கிணற்றில் 4-ல் 1 பங்கு", "6-ல் 1 பங்கு" என்று பத்திரத்திலும் எழுதிக்கொள்வார்கள்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவர் கிணறு வெட்டினார். அவருக்கு மூன்று பிள்ளைகள். ஆளுக்கு 3-ல் 1 பங்கு. காலம் ஓடியது. மூத்தவர் தவறிப்போனார். அவருடைய பங்கு அவர் பிள்ளைகள் இரண்டு பேருக்கு வந்தது. ஆளுக்கு 6-ல் 1. நடுப்பிள்ளையும் தவறிப்போனார். அவருக்கு மூன்று பிள்ளைகள். ஆளுக்கு 9-ல் 1. இளையவர் மட்டும் இருக்கிறார். அவருடைய 3-ல் 1 பங்கு அப்படியே இருக்கிறது.

ஆக, ஒரு சித்தப்பா. ஐந்து அண்ணன் பிள்ளைகள். ஆறு பங்காளிகள். ஒரே கிணறு!

கமலை கட்டி இறைத்த காலத்தில், காலை வெயில் ஏறும்வரை ஒரு இறைப்பு, சாயங்காலம் ஒரு இறைப்பு என்று மாடுகளுக்கு ஓய்வு கொடுத்து இறைப்பது வழக்கம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு எத்தனை முறை வைத்தால் ஆறு பேருக்கும் பங்கு பிசகாமல் வரும்?

மூன்று, ஆறு, ஒன்பது. இந்த மூன்று எண்களையும் பெருக்கினால் 162. ஒரு சுற்றுக்கு 162 முறை என்று வைத்தால் பங்கு சரியாக வந்துவிடும். சித்தப்பாவுக்கு 54 முறை. மூத்தவர் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 27 முறை. நடுவர் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 18 முறை. கூட்டிப் பாருங்கள். 162 வரும். ஒரு முறைகூடத் துண்டு விழாது.

ஆனால் நாளுக்கு இரண்டு முறை வீதம் 162 முறை முடிய 81 நாள் ஆகும்! சித்தப்பா இறைக்கத் தொடங்கினால் 27 நாள் கழித்துத்தான் கமலையை அவிழ்ப்பார். அதுவரை அண்ணன் மகனுடைய மிளகாய் நாற்று என்ன ஆகும்?

"சித்தப்பா, உங்க முறை எப்ப முடியும்?"

"இன்னும் இருபது நாள் கெடக்குடா, தம்பி."

"அதுக்குள்ள எம் பயிரு சருகாப் போயிருமே!"

"கணக்குப்படி எம் பங்குதானடா!"

கணக்கு சரிதான். பயிர்தான் இருக்காது.

இப்போது மிகச் சிறிய பொது எண்ணைத் தேடுவோம். காகிதமும் வேண்டாம். இருக்கிற எண்களில் பெரியது 9. அதை 6 சரியாக வகுக்குமா? வகுக்காது. 9-ன் அடுத்த மடங்கு 18. அதை 6 வகுக்கும். 3-ம் வகுக்கும். அவ்வளவுதான். 18 போதும்!

சித்தப்பாவுக்கு 6 முறை. மூத்தவர் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 3. நடுவர் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 2. மொத்தம் 18 முறை. 9 நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். சித்தப்பா 3 நாள் இறைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். யாருடைய பங்கும் இம்மி குறையவில்லை. ஆனால் 81 நாள் 9 நாளாகிவிட்டது.

"162 முறையையே மாற்றி மாற்றி விட்டுக்கொண்டால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். விடலாம். அப்படிச் சரியாக மாற்றி மாற்றி விட்டால் அது 18 முறைச் சுற்றை ஒன்பது தடவை விட்டதாகத்தான் இருக்கும். வேறு பெயரில் அதே கணக்கு!

முறைச் சுற்று எத்தனை நாள் என்பது, குடும்பம் எத்தனை கிளையாகப் பிரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூத்தவர் பிள்ளைகளில் ஒருவருக்கு இரண்டு ஆண் மக்கள் பிறந்து, அவருடைய 6-ல் 1 பங்கு இரண்டு 12-ல் 1 பங்குகளாகப் பிரிந்தால் 18 போதாது. அப்போது 36 வேண்டும். சுற்று 18 நாளாக நீளும். நாள் நீண்டால் பயிர் தாங்காது. ஆகவே இறைப்பு நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். கமலை போய் மோட்டார் வந்த பிறகு நாள் கணக்கு மணிக் கணக்காகிவிட்டது. ஆனால் பங்கைப் பிரிக்கும் கணக்கு மாறவில்லை.

(மகள்களுக்குப் பங்கு எங்கே என்று கேட்கும் வாசகிகள் இருப்பார்கள். நியாயமான கேள்வி! தமிழ்நாட்டில் 1989-ம் ஆண்டுச் சட்டத் திருத்தமும், 2005-ம் ஆண்டு மத்திய அரசின் திருத்தமும் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு கொடுத்திருக்கின்றன. மகள்களையும் எண்ணிக்கொண்டால் பகுதி எண்கள் இன்னும் பெருகும். 'எல்.சி.எம்.' இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்!)

மலை மேலே சமணர்கள்

கழுகுமலை என்றதும் கழுகாசலமூர்த்தியும், மலையையே குடைந்து செய்த வெட்டுவான் கோவிலும் நினைவுக்கு வரும். மேலிருந்து கீழாக ஒரே பாறையைச் செதுக்கி, பாண்டியர் காலத்துச் சிற்பிகள் 8-ம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை அது. முடிக்காமலே விட்டுப் போயிருக்கிறார்கள்.

அதே மலையில் இன்னொரு பக்கம் போனால், பாறை முழுவதும் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். 8-ம், 9-ம் நூற்றாண்டுகளில் இது சமணர்களின் பெரிய பள்ளி. உருவங்களின் கீழே வட்டெழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன. யார் செய்வித்த உருவம், எந்த ஊர்க்காரர், யாருடைய மாணாக்கர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே பெண்கள் ஆசிரியராக இருந்த இடம்! மலைக்கு அந்தக் காலத்தில் வழங்கிய பெயர் 'அரைமலை'. பின்னத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இந்த மலையில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த அதே 9-ம் நூற்றாண்டில், வடக்கே கன்னட நாட்டில் இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் ஆதரவில் ஒரு சமணக் கணித மேதை வாழ்ந்தார். மகாவீராசாரியார் என்பது அவர் பெயர். சமண சமயத்தின் தீர்த்தங்கரரான மகாவீரர் வேறு, இவர் வேறு. கி.பி. 850-ஐ ஒட்டி இவர் சமஸ்கிருதத்தில் 'கணித சார சங்கிரகம்' என்ற நூலை எழுதினார்.

பின்னங்களைக் கூட்டுவதற்கு மிகச் சிறிய பொது எண்ணைக் கண்டுபிடிக்கும் விதியை, இந்தியக் கணித நூல்களில் முதன்முதலாகத் தெளிவாகச் சொன்னவர் இவரே. அந்த எண்ணுக்கு அவர் வைத்த பெயர் 'நிருத்தம்'. ஆடுகிற நிருத்தம் அல்ல. கட்டி அடக்கப்பட்டது என்று பொருள் தரும் சொல். எல்லாப் பகுதிகளையும் தனக்குள் அடக்கிக்கொள்ளும் எண் அல்லவா? நல்ல பெயர்தான்.

அவர் சொன்ன வழி இதுதான்: பகுதி எண்களில் பொதுவாக உள்ள காரணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடு. மிஞ்சிய ஈவுகளையும், எடுத்த காரணிகளையும் ஒன்றாகப் பெருக்கு. கிடைப்பது நிருத்தம்.

நம் கிணற்றுக்கே இதைப் போட்டுப் பார்ப்போம். பகுதிகள் 3, 6, 9. மூன்றிலும் பொதுவாக இருப்பது 3. அதை வெளியே எடுத்தால் மிஞ்சுவது 1, 2, 3. இவற்றில் இனிப் பொதுவாக எதுவும் இல்லை. 3 x 1 x 2 x 3 = 18. கிணற்றடியில் விரல்விட்டுக் கண்டுபிடித்த அதே 18!

பேரப்பிள்ளைகள் வந்த பிறகு பகுதிகள் 3, 6, 9, 12. முதலில் 3-ஐ எடுத்தால் 1, 2, 3, 4. அடுத்து, 2-க்கும் 4-க்கும் பொதுவான 2-ஐ எடுத்தால் 1, 1, 3, 2. எல்லாவற்றையும் பெருக்கினால் 3 x 2 x 3 x 2 = 36. இன்று பள்ளிக்கூடங்களில் பக்கத்தில் கோடு போட்டு, படிப்படியாக வகுத்துக்கொண்டே இறங்குகிறார்களே, அந்தக் கணக்கு இதுவேதான். ஐரோப்பாவில் இந்தச் சுருக்கு வழி எல்லோருக்கும் பழக்கமானது 17-ம் நூற்றாண்டு வாக்கில்தான்.

மகாவீராசாரியாரின் நூல் 11-ம் நூற்றாண்டிலேயே தெலுங்குக்குப் போய்விட்டது. பாவுலூரி மல்லணா அதைச் செய்தார். பிற்காலத்தில் சென்னை மாகாணக் கல்லூரிப் பேராசிரியர் மா. ரங்காசாரியார் ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912-ல் சென்னை அரசாங்க அச்சகத்தில் பதிப்பித்தார். அதன் பிறகுதான் உலகம் அந்தக் கணிதரை நன்றாகத் தெரிந்துகொண்டது.

தமிழனின் 320

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வேறொரு வழி இருந்தது. ஒவ்வொரு கணக்குக்கும் புதிதாகப் பொது எண்ணைத் தேடுவானேன்? எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே எண்ணை நிரந்தரமாக வைத்துக்கொண்டால் என்ன? அப்படி வைத்துக்கொண்ட எண்தான் 320. ஒன்றை 320 பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கு 'முந்திரி' என்று பெயர். பாயசத்தில் போடும் முந்திரி அல்ல! அந்த முந்திரி போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. இந்த முந்திரி அதற்கு வெகுகாலம் முந்தியது.

தமிழ்ப் பின்னங்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று, பாதி பாதியாகப் போவது. அரை, கால், அரைக்கால், வீசம். வீசம் என்பது 16-ல் 1. இதையே 'மாகாணி' என்றும் சொல்வார்கள். இன்னொரு குடும்பம் 'மா'. ஒரு மா என்பது 20-ல் 1. இருமா என்றால் 10-ல் 1. நாலுமா என்றால் 5-ல் 1.

பதினாறும் இருபதும் எங்கே சந்திக்கும்? பொதுவாக உள்ளது 4. மிஞ்சுவது 4, 5. பெருக்கினால் 80. அந்த 80-ல் 1 பங்குக்குத்தான் 'காணி' என்று பெயர் வைத்தார்கள். ஒரு மா என்றால் 4 காணி. ஒரு வீசம் என்றால் 5 காணி. அதாவது ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தது வீசம். இப்போது 'மாகாணி' என்ற பெயரை மறுபடி சொல்லிப் பாருங்கள். மா, காணி! கூட்டல் கணக்கையே பெயராக வைத்துவிட்டார்கள். இதை வியக்காமல் இருக்க முடியவில்லை.

காணியை நாலாக்கினால் முந்திரி. முந்திரியில் சொன்னால் எந்தப் பின்னமும் முழு எண்ணாகிவிடும். முக்கால் 240 முந்திரி. அரை 160. கால் 80. அரைக்கால் 40. வீசம் 20. மா 16. காணி 4. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியை வைத்துக்கொண்டு விடியற்காலையில் இதை உரக்கச் சொல்லி உருப்போட்டார்கள். அரைக்காலும் மூன்று மாவும் எவ்வளவு என்று கேட்டால், 40-ம் 48-ம் 88 முந்திரி; அதாவது காலும் இருகாணியும் என்று வாய் தானாகச் சொல்லும்.

முந்திரிக்கும் கீழே போக வேண்டியிருந்தால், அந்த முந்திரியையே ஒன்றாக வைத்து மறுபடி 320 ஆக்கினார்கள். அதற்குக் 'கீழ்முந்திரி' என்று பெயர். தஞ்சைப் பெரிய கோவிலில் முதலாம் இராசராச சோழனின் கல்வெட்டுகளில் நில அளவு எவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கிறது தெரியுமா? ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை! 320-ஐ நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, அதை 5-ஆல் பெருக்கினால் இந்த எண் வரும். வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று அதிகம். அதில் இந்தப் பங்கு எவ்வளவு இருக்கும்? ஒரு கடுகு உட்காரும் இடம்கூட இருக்காது. அவ்வளவு இடத்தைக் கோல் வைத்து யாரும் அளந்திருக்க முடியாது. கணக்கில் வந்து விழுந்த மிச்சம் அது. மிச்சத்தைக்கூடத் தள்ளிவிடாமல் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

இவ்வளவு நுணுக்கமான கணக்குக்கும் ஒரு குறை இருந்தது. அதற்கு மூன்றாகப் பிரிக்கத் தெரியாது! 320-ஐ மூன்றாக்கினால் ஆளுக்கு 106 போக 2 மிஞ்சும். கீழ்முந்திரிக்குப் போனாலும் மிஞ்சும். அதற்குக் கீழே போனாலும் மிஞ்சும். கால், அரை, மா எல்லாம் ஒழுங்காகப் பிரியும் கணக்கில், அண்ணன் தம்பி மூன்று பேர் வந்து நின்றால் கணக்குப்பிள்ளையின் பாடு திண்டாட்டம்தான். ஆகவே மூன்று கிளையாகப் பிரிந்த நம் கிணறு முந்திரியில் அடங்காது. அதற்கு 18 முறைதான் வழி.

மூன்றையும் சேர்த்து அடக்கிய எண்ணை வைத்திருந்தவர்கள் பாபிலோனியர்கள். இன்றைய ஈராக் நாட்டில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பு அவர்கள் 60-ஐ அடிப்படையாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். அறுபதை 2, 3, 4, 5, 6 எல்லாம் மிச்சமில்லாமல் வகுக்கும். அந்த 60 இன்றும் நம் கைக்கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மணியில் 3-ல் 1 பங்கு 20 நிமிஷம். 4-ல் 1 பங்கு 15 நிமிஷம். இரண்டும் சேர்ந்தால் 35 நிமிஷம். முதலில் பாட்டியை மடக்கிய கேள்விக்குக் கடிகாரமே பதில் சொல்லிவிடுகிறது!

நயா பைசா வந்தபோது

பொதுப் பகுதி தெரியாவிட்டால் மடியிலிருந்து காசு போகும். அதை நாடு முழுவதும் ஒரே நாளில் உணர்ந்தது 1957-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி. அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி, ஆக 192 தம்பிடி. மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5 அணா 4 தம்பிடி. மிச்சமே இல்லை. அன்று முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 33; ஒரு பைசா தொங்கிக்கொண்டு நிற்கும்.

அது போகட்டும். ஓர் அணாவுக்கு எத்தனை நயா பைசா? ஆறேகால். கால் பைசாவுக்கு நாணயம் கிடையாதே! ஆகவே அரசாங்கத்தின் மாற்றுப் பட்டியல் ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 நயா பைசா என்று சொன்னது.

பதினாறுக்கும் நூறுக்கும் மிகச் சிறிய பொது எண் 400. ஒரு ரூபாயை 400 பங்காக்கிப் பாருங்கள். ஓர் அணா 25 பங்கு. ஆறு நயா பைசா 24 பங்கு. ஓரணாக் காசை நீட்டி ஆறு பைசாச் சாமான் வாங்கியவருக்கு ஒரு பங்கு நஷ்டம். மூன்றணாவோ 75 பங்கு. பத்தொன்பது பைசா 76 பங்கு. இங்கே வாங்குகிறவருக்கு ஒரு பங்கு லாபம். நாலணாவில் மட்டும் இரண்டும் சரியாகச் சந்திக்கும். நாலு நாலணாவாகச் செலவு செய்தவருக்கு ஒன்றுமில்லை. ஓரணா ஓரணாவாக உப்பும் புளியும் வாங்கிய ஏழை வீட்டுப் பெண்ணுக்குத்தான் அந்தக் கால் பைசா உறைத்தது. சுத்தமாகச் சந்தித்த அந்த 25 பைசா நாணயமும் 2011-ம் ஆண்டு ஜூன் மாதத்தோடு செல்லாததாகிவிட்டது.

படியும் ஆழாக்கும்

சமையலறையில் இந்தக் கணக்கு சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. அடுத்த வீட்டிலிருந்து முதல் நாள் அரைப்படி அரிசி கைமாற்று. மறுநாள் கால்படி. அதற்கு மறுநாள் அரைக்கால் படி. மொத்தம் எவ்வளவு திருப்பித் தர வேண்டும்? ஆழாக்கில் எண்ணினால் 4, 2, 1. ஏழு ஆழாக்கு. வாங்கியவர் ஆழாக்கை எடுத்து ஏழு தடவை அளந்து கொட்டிவிடுவார். எல்.சி.எம். என்ற பெயரைக் கேள்விப்படாதவர் செய்த எல்.சி.எம். அது!

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர நினைக்கும் பெற்றோர்கள் எண்ணில் தொடங்க வேண்டாம். ஆழாக்கில் தொடங்கலாம். கடலைமிட்டாயில் தொடங்கலாம். கடைசியில் தின்றுவிடலாம் என்பது கூடுதல் வசதி.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து போட்டுப் பார்க்க ஒரு கணக்கு:

கழுகுமலைக்குப் பக்கத்தில் ஒரு புஞ்சையில் பருத்தி எடுக்கப் பெண்கள் வந்தார்கள். வந்தவர்களில் 4-ல் 1 பங்கினர் கோவில்பட்டிப் பக்கம். 6-ல் 1 பங்கினர் கயத்தாற்றுப் பக்கம். 8-ல் 3 பங்கினர் சங்கரன்கோவில் பக்கம். மீதி 5 பேர் கழுகுமலைக்காரர்கள். மொத்தம் எத்தனை பேர்?

விடை: 4, 6, 8 மூன்றுக்கும் மிகச் சிறிய பொது எண் 24. முதல் மூன்று கூட்டமும் 24-ல் 6, 4, 9 பங்கு. சேர்ந்தால் 19. மீதி 5 பங்கு. அதுதான் அந்த 5 பேர். ஆகவே வந்தவர்கள் 24 பேர்.